கடனுக்குப் பின்னால் வரும் மானியம்

தென்காசி மாவட்டத்தின் வடகிழக்கில், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களை ஒட்டிக் கிடக்கும் திருவேங்கடம் வட்டாரம் கரிசல் பூமி. குற்றாலத்துச் சாரல் இவ்வளவு தூரம் எட்டுவதில்லை. வானம் பார்த்த நிலத்தில் பருத்தியும் சோளமும் மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் விளையும். மழை பொய்த்த ஆண்டுகளில் பல வீடுகளில் உலை கொதிக்க வைத்தது தீப்பெட்டித் தொழில். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, கழுகுமலை, சங்கரன்கோவில் என்று விரியும் தீப்பெட்டி வட்டாரத்தில் திருவேங்கடமும் ஒரு கண்ணி. இந்தத் தொழில் சிறு முதலாளிகளின் கையில் நெடுங்காலம் நிலைத்ததற்கு இந்த மண்ணின் உழைப்பு ஒரு காரணம். அரசு எடுத்த ஒரு முடிவு இன்னொரு காரணம்.

ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் 1923இல் இந்தியாவில் விம்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. பெரிய முதலீடு, பெரிய இயந்திரங்கள். ஏறத்தாழ அதே காலத்தில்தான் கல்கத்தா சென்று தொழிலைக் கற்றுத் திரும்பிய பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். விலைப் போட்டி மட்டும்தான் என்றிருந்தால் இயந்திரத்தின் முன் கைத்தொழில் நின்றிருக்காது. 1934இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. பிற்காலத்தில் ஆலையின் அளவையும் உற்பத்தி முறையையும் பார்த்து அந்த வரி வகை பிரிக்கப்பட்டது: பெரிய இயந்திர ஆலைக்குக் கூடுதல் வரி, கையால் செய்யும் சிறு ஆலைக்குக் குறைந்த வரி. அரசு கஜானாவிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்த வரி வித்தியாசம் ஒரு மானியமாகவே வேலை செய்தது. சலுகை போய்விடும் என்று ஆலையைப் பெரிதாக்காமலே வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அது அந்தக் கொள்கையின் பலவீனம். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது கையால் செய்ததற்கு 5 விழுக்காடு, மற்றதற்கு 18 என்று வித்தியாசம் தொடர்ந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் 12 விழுக்காடு என்று ஆக்கப்பட்டது. கைத்தொழிலுக்கு இருந்த மறைமுக மானியம் அன்றோடு முடிந்தது.

இன்று சிறு தொழிலுக்கு அரசு தரும் உதவி வரி வழியாக வருவது குறைவு. வங்கி வழியாக வருவதே அதிகம். அந்த ஏற்பாட்டுக்கும் நீண்ட வரலாறு உண்டு. தொழில்களுக்கு அரசு பணம் கொடுத்து உதவ வழிசெய்யும் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1922இலேயே இயற்றியது. 1949இல் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகமும், 1970இல் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவும் வந்தன. 1978 முதல் மாவட்டந்தோறும் மாவட்டத் தொழில் மையம் அமைக்கப்பட்டது. மத்திய அரசின் பிரதமர் ரோஜ்கார் யோஜனா 1993இல் தொடங்கி, 2008இல் வேறொரு திட்டத்தோடு சேர்ந்து, இப்போதுள்ள பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமாக மாறியது. அலுவலக வட்டாரத்தில் இதை பி.எம்.இ.ஜி.பி. என்றுதான் சொல்கிறார்கள்.

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முன்பு திருவேங்கடத்துக்காரர் ஒருவர் தொழில் மையத்துக்குப் போக வேண்டுமென்றால் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டும். இப்போது தென்காசிக்கு. மாவட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும் பயணம் அது. விண்ணப்பங்களை இணையத்திலேயே போடும் வசதி வந்தது இப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான் பெரிய நன்மை.

எந்தத் திட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பும் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சிறு தொழிலுக்கான திட்டங்களில் பெரும்பாலானவற்றில் அரசு நேரடியாக ஒருவர் கையில் பணத்தைக் கொடுத்துத் தொழில் செய்யச் சொல்வதில்லை. முதலில் வங்கி கடன் தர வேண்டும். அந்தக் கடன் தொழிலுக்குள் போய், இயந்திரமாகவும் சரக்காகவும் மாற வேண்டும். அதற்குப் பிறகே மானியம் வரும். அதுவும் கடனின் ஒரு பகுதியை அடைப்பதற்காக. கடன் கிடைக்காதவருக்கு மானியமும் இல்லை. இந்த வரிசையைத் தெரிந்துகொள்ளாமல் ஏமாந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தை எடுத்துக்கொள்வோம். கதர் கிராமத் தொழில் ஆணையம், மாநிலக் கதர் வாரியம், மாவட்டத் தொழில் மையம், கயிறு வாரியம் ஆகிய நான்கு அமைப்புகள் வழியாக இது நடக்கிறது. 2022இல் திருத்திய விதிகளின்படி உற்பத்தித் தொழிலுக்கு ரூ.50 லட்சம் வரையும், சேவைத் தொழிலுக்கு ரூ.20 லட்சம் வரையும் திட்ட மதிப்பு இருக்கலாம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உற்பத்தியில் ரூ.10 லட்சத்துக்கு மேலும், சேவையில் ரூ.5 லட்சத்துக்கு மேலும் போனால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 விழுக்காடும் கிராமத்தில் 25 விழுக்காடும் மானியம். சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், முன்னாள் படைவீரர், திருநங்கையர், மாற்றுத்திறனாளிகள் எல்லாரும் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். தமிழ்நாட்டில் விண்ணப்பிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தப் பட்டியலில் எங்காவது வந்துவிடுவார்கள்.

கணக்கு எப்படி நடக்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் பார்க்கலாம். குருவிகுளம் பக்கம் ஒரு கிராம ஊராட்சியில் ஒரு பெண் ரூ.10 லட்சத்தில் எண்ணெய்ச் செக்கு வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறப்புப் பிரிவு என்பதால் அவர் கையிலிருந்து போட வேண்டியது 5 விழுக்காடு, அதாவது ரூ.50,000. பாக்கி ரூ.9.5 லட்சத்தை வங்கி கடனாகக் கொடுக்கிறது. கடனின் முதல் தவணை வெளியே வந்ததும் வங்கி மானியத்தைக் கேட்டு எழுதும். 35 விழுக்காடான ரூ.3.5 லட்சம் வங்கிக்கு வந்து சேரும். ஆனால் அது அவர் கணக்கில் வரவு வைக்கப்படாது. அவர் பெயரில் ஒரு வைப்புத்தொகையாக மூன்று ஆண்டுகள் பூட்டி வைக்கப்படும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் பகுதிக்கும் வங்கி வட்டி போடக் கூடாது. ஆகவே அவர் உண்மையில் வட்டி கட்டுவது ரூ.6 லட்சத்துக்குத்தான். வட்டி 11 விழுக்காடு என்று வைத்தால், மானியம் இல்லாதிருந்தால் முதல் ஆண்டில் ஏறத்தாழ ரூ.1,04,500 வட்டி கட்ட வேண்டியிருக்கும். மானியம் வந்ததால் அது ரூ.66,000 அளவுக்கு இறங்குகிறது. மூன்று ஆண்டு முடிந்து, செக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று நேரில் வந்து பார்த்துச் சான்று தந்த பிறகு அந்த ரூ.3.5 லட்சம் கடனில் கழிக்கப்படும்.

இடையில் தொழில் நின்றுபோனால்? தவணை தவறி, கடன் வாராக்கடனாகி, இயந்திரமும் விற்கப்பட்டிருந்தால் மானியம் அரசுக்கே திரும்பிப் போகலாம். அப்போது முழுக் கடனும் அவர் தலையில் நிற்கும். மூன்று ஆண்டுப் பூட்டுக்குக் காரணம் இருக்கிறது. இயந்திரத்தைக் காட்டி மானியத்தை வாங்கிக்கொண்டு மறுநாளே அதை விற்றுவிடுவதைத் தடுக்க வேறு வழி அரசுக்குத் தெரியவில்லை. ஆனால் தொழில் தொடங்குபவருக்குப் பணம் மிக அவசியமாகத் தேவைப்படுவதும் அந்த முதல் மூன்று ஆண்டுகளில்தான். மானியத்தை நம்பித் திட்டம் போடக் கூடாது, அது இல்லாமலே தவணை கட்ட முடியுமா என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும் என்று அனுபவமுள்ள வங்கி அலுவலர்கள் சொல்வது இதனால்தான்.

சில சின்ன விதிகள் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். கிராமமா நகரமா என்பது 10 விழுக்காட்டு வேறுபாடு. பத்து லட்சத் திட்டத்தில் அது ஒரு லட்சம். திருவேங்கடம் பேரூராட்சி; சுற்றியிருப்பவை கிராம ஊராட்சிகள். தொழில் நடக்கும் இடம் எந்த எல்லைக்குள் வருகிறது, அது எந்தக் கணக்கில் சேரும் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே தொழில் மையத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். நிலத்தின் விலை திட்ட மதிப்பில் சேராது. வாடகைக் கட்டடம் என்றால் மூன்று ஆண்டு வாடகை வரை சேர்க்கலாம். ஒரு குடும்பத்தில், அதாவது கணவன் மனைவி இருவரில், ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தொழிலுக்கோ, வேறு அரசு மானியம் வாங்கிய தொழிலுக்கோ கிடைக்காது.

எல்லாத் தொழிலுக்கும் இந்த மானியம் உண்டென்றும் நினைக்க வேண்டாம். பீடி, சுருட்டு, மது போன்றவை விலக்குப் பட்டியலில் உள்ளன. தென்காசி மாவட்டத்துக்கு இது சிறிய செய்தி அல்ல. ஆலங்குளம், கடையநல்லூர், தென்காசிப் பக்கங்களில் பீடி சுற்றியே பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் பீடித் தொழிலைப் பெரிதாக்க மானியம் கேட்டால் கிடைக்காது. தையலுக்கோ மாவு மில்லுக்கோ மாற விரும்பினால் கிடைக்கும். பயிர் செய்வதற்கு நேரடியாகக் கிடைக்காது. ஆனால் விளைந்ததைப் பதப்படுத்தி மதிப்புக் கூட்டினால் கிடைக்கும்: உளுந்தை உடைத்தால், மிளகாயை அரைத்தால், மக்காச்சோளத்தைத் தீவனமாக்கினால்.

தமிழ்நாடு அரசின் சொந்தத் திட்டங்களும் இதே வடிவத்தில்தான் உள்ளன. ஆனால் ஆளைப் பார்த்துத் தனித்தனியாகத் தைக்கப்பட்டவை. வேலையில்லா இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2010-11 முதல் நடக்கிறது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். திட்ட மதிப்பில் 25 விழுக்காடு மானியம்; உச்சம் ரூ.3.75 லட்சம். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மளிகைக் கடை, ஜவுளிக் கடை போன்ற வியாபாரத்துக்கும் இதில் இடமுண்டு என்பதால் சின்ன ஊர்களில் இதற்குத்தான் கூட்டம்.

படித்தவர்களுக்கான திட்டம் ‘நீட்ஸ்’ என்ற பெயரில் அறியப்படுகிறது. புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம் என்பது இதன் முழுப் பெயர். 2012-13இல் வந்தது. பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. போன்ற தகுதியுள்ள முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் ரூ.10 லட்சத்திலிருந்து ரூ.5 கோடி வரை திட்டம் போடலாம். 25 விழுக்காடு முதலீட்டு மானியம், உச்சம் ரூ.75 லட்சம். அத்துடன் கடன் வட்டியில் 3 விழுக்காட்டை அரசு ஏற்றுக்கொள்கிறது. வெளியே அதிகம் பேசப்படாத இந்த வட்டிச் சலுகைதான் சில சமயம் மானியத்தைவிடக் கை கொடுக்கும். ஒரு கோடி ரூபாய்க் கடனில் 3 விழுக்காடு என்றால் முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ ரூ.3 லட்சம். அது மூன்று ஆண்டு பூட்டிக் கிடப்பதில்லை. தவணையோடு தவணையாகச் சுமையைக் குறைக்கிறது.

இவை எல்லாவற்றிலும் இருந்த ஒரு பெரிய குறையை நேராகத் தொட்ட திட்டம், 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டம். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கானது. மற்றத் திட்டங்களில் பயனாளி தன் பங்காக 5 முதல் 10 விழுக்காடு கொண்டுவர வேண்டும். இருபது லட்சத் திட்டத்தில் அது ஒன்று முதல் இரண்டு லட்சம். நிலமும் நகையும் இல்லாத குடும்பத்துக்கு அந்தத் தொகையே ஏற முடியாத படி. இந்தத் திட்டத்தில் சொந்தப் பங்கு தேவையில்லை. 35 விழுக்காட்டை அரசு மானியமாக முன்னதாகவே கொடுக்கிறது, உச்சம் ரூ.1.5 கோடி. மீதி 65 விழுக்காடு வங்கிக் கடன். வட்டியில் 6 விழுக்காட்டை அரசு ஏற்கிறது. கல்வித் தகுதி நிபந்தனையும் இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சொத்துச் சேர விடப்படாதவர்களிடம் ‘உன் பங்கு எங்கே’ என்று கேட்பது நியாயமல்ல என்பதை ஓர் அரசுத் திட்டம் ஒப்புக்கொண்டது இதில்தான். மற்றப் பிரிவுகளில் உள்ள ஏழைப் பெண்களுக்கும் இதே கொள்கை நீள வேண்டும். மகளிருக்கென்று 2025-26 மாநில பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட திட்டம் ரூ.10 லட்சம் வரையான கடனுக்கு 20 விழுக்காடு மானியம் என்கிறது. நல்ல தொடக்கம், ஆனால் அதுவும் கடனுக்குப் பின்னால் வருவதே.

கைவினைஞர்களுக்கு இரண்டு திட்டங்கள் பேசப்படுகின்றன. மத்திய அரசின் பிரதமர் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் 18 தொழில்களுக்காகத் தொடங்கியது. குடும்பத் தொழிலை ஒட்டி அது அமைந்திருப்பதால் சாதிவழித் தொழிலை உறுதிப்படுத்தும் என்று சொல்லித் தமிழ்நாடு அரசு அதை அதே வடிவில் ஏற்கவில்லை. பதிலாகக் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. 25 தொழில்கள், 35 வயது நிறைந்தவர்கள், குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லை. ரூ.3 லட்சம் வரை கடன், 25 விழுக்காடு மானியம் உச்சம் ரூ.50,000, வட்டியில் 5 விழுக்காடு சலுகை. தேன்பொத்தையில் சக்கரம் சுற்றும் மண்பாண்டக் கலைஞருக்கும், திருவேங்கடத்தில் தையல் மெஷின் மிதிப்பவருக்கும் ஏற்ற அளவு இது.

உணவுத் தொழிலுக்குத் தனி வழி இருக்கிறது. 2020இல் ரூ.10,000 கோடி மதிப்பில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம், உச்சம் ரூ.10 லட்சம். ஏற்கெனவே நடக்கும் சிறிய தொழிலை மேம்படுத்தவும் இதைப் பெறலாம் என்பதுதான் இதன் சிறப்பு. உணவுப் பொருள் செய்யும் சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு ரூ.40,000 வரை தொடக்க நிதியும் உண்டு. புளியங்குடி எலுமிச்சையும் ஆலங்குளம், பாவூர்சத்திரத்துக் காய்கறியும் விலை சரியும் நாட்களில் மூட்டை மூட்டையாக வீணாகின்றன. ஊறுகாயாக, பொடியாக, சாறாக மாற்றும் சின்னக் கூடங்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் எவ்வளவோ வர இடமிருக்கிறது. பக்கத்துக் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததும், ஒரு சின்னத் தின்பண்டம் ஊர்ப் பெயரோடு எவ்வளவு தூரம் போக முடியும் என்று இந்த வட்டாரம் பார்த்தது.

கடனோடு ஒட்டாத சலுகைகளும் சில உண்டு. உற்பத்தி செய்யும் குறு நிறுவனங்களுக்கு இயந்திர மதிப்பில் 25 விழுக்காடு முதலீட்டு மானியத்தை மாநில அரசு தருகிறது. உற்பத்தி தொடங்கியபின் முதல் 36 மாதங்களுக்குத் தாழ்வழுத்த மின்கட்டணத்தில் 20 விழுக்காட்டைத் திருப்பித் தருகிறது. சங்கரன்கோவில் விசைத்தறிக்காரர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் என்பது 2023இல் உயர்த்தப்பட்ட அளவு. மின்கட்டணச் சலுகையைக் கேட்டு வாங்காமலே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தானாக வருவதில்லை, விண்ணப்பிக்க வேண்டும்.

இத்தனை திட்டங்கள் இருந்தும் விண்ணப்பங்கள் நிற்கும் இடம் ஒன்றுதான்: வங்கிக் கிளை. தொழில் மையம் பரிந்துரைக்கும். கடனைத் தர வேண்டியது வங்கி. பரிந்துரை வந்துவிட்டது என்பதற்காக வங்கி கட்டாயம் தர வேண்டியதில்லை. அது முதலில் பார்ப்பது, பழைய கடன்களைக் கட்டிய ஒழுங்கைக் காட்டும் சிபில் மதிப்பெண். நுண்கடன் நிறுவனத்தில் குழுக் கடன் வாங்கி, யாரோ ஒருவர் கட்டத் தவறி, அந்தக் கறை தன் பெயரில் இருப்பது தெரியாமலே வந்து நிற்கும் பெண்கள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாகவே பெற்றுப் பார்க்கலாம். தவறு இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே திருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஜாமீன். குறைந்தது ரூ.10 லட்சம் வரையான குறு, சிறு தொழில் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதற்கு மேற்பட்ட கடனுக்கும், 2000ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கடன் உத்தரவாத நிதியம் வங்கிக்கு ஈடு தருகிறது. இதைத் தெரிந்து பேசுகிறவரிடம் மேலாளரின் பேச்சே மாறும். தெரியாதவர் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டு போய்க் கொடுத்துவிடுகிறார்.

மூன்றாவது திட்ட அறிக்கை. பெரும்பாலும் ஒருவர் ஒரே வார்ப்பில் அடித்துத் தரும் காகிதமாகவே இது இருக்கிறது. நல்ல அறிக்கை ஊரைப் பேச வேண்டும். செக்கு வைப்பவர் என்றால் கடலை எந்தச் சந்தையில், எந்த மாதத்தில், என்ன விலையில் வாங்குவார். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ ஆட்ட முடியும். புண்ணாக்கை யார் வாங்குவார். மும்முனை மின் இணைப்பு கிடைக்குமா. பக்கத்தில் ஏற்கெனவே எத்தனை செக்கு இருக்கிறது. இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதும்போதே, தொழில் நிற்குமா நிற்காதா என்பது எழுதுபவருக்கே தெரிந்துவிடும். வங்கிக்காக என்று நினைத்து எழுதும் அறிக்கையின் உண்மையான பயன் அதுதான்.

இயந்திரத்துக்கு வாங்கும் கொட்டேஷனில் ஓர் ஆபத்து இருக்கிறது. விலையைக் கூட்டிக் காட்டினால் மானியமும் கூடும் என்று யோசனை சொல்கிறவர்கள் இருப்பார்கள். கூடிய விலைக்குக் கூடிய கடன், அதற்குக் கூடிய வட்டி. நேரில் வந்து பார்க்கும்போது பொருளும் பில்லும் பொருந்தாவிட்டால் மானியமே போய்விடும். அதேபோல, பி.எம்.இ.ஜி.பி., மாநில அரசுத் திட்டங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவும் 2020 ஜூலை முதல் முற்றிலும் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் கைபேசியிலேயே முடித்துவிடலாம். இவற்றுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிறவர் அரசு ஆள் அல்ல.

ஸ்டார்ட்அப் எனப்படும் புதுமைத் தொழில்களுக்கான பணம் வேறு வாசலில் வருகிறது. இங்கேதான் திருப்பிக் கட்ட வேண்டாத நிதி உண்மையிலேயே உண்டு. செக்கு வைப்பவர் செய்வது உலகம் அறிந்த தொழில். வங்கியால் அதன் வரவு செலவை மதிப்பிட முடியும். இதுவரை யாரும் செய்யாத ஒரு கருவியையோ மென்பொருளையோ உருவாக்குகிறவர் வெற்றி பெறுவாரா என்பது யாருக்கும் தெரியாது. தவணை கட்டச் சொன்னால் அவர் முயற்சியையே கைவிடுவார். அதனால் அந்த முதல் கட்டத்துக்கு அரசு தன் பணத்தை இழக்கத் தயாராக வருகிறது. அமெரிக்கா 1982இல் ஒரு சட்டம் இயற்றி, பெரிய ஆராய்ச்சி பட்ஜெட் உள்ள அரசுத் துறைகள் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்குக் கட்டாயம் ஒதுக்க வேண்டும் என்றது. இந்தியாவின் திட்டங்களுக்குப் பின்னால் இருப்பதும் இதே எண்ணம்தான்.

2016 ஜனவரி 16இல் ஸ்டார்ட்அப் இந்தியா தொடங்கியது. 2021இல் அதன்கீழ் ரூ.945 கோடியில் விதை நிதித் திட்டம் வந்தது. ஒரு யோசனை நடைமுறையில் ஓடுமா என்று சோதிக்கவும் முன்மாதிரி செய்யவும் ரூ.20 லட்சம் வரை, வேலை முடிய முடியத் தவணையாக, திருப்பிக் கட்ட வேண்டாத நிதி. சந்தைக்குப் போகும் கட்டத்தில் ரூ.50 லட்சம் வரை கடனாகவோ, பின்னர் பங்காக மாறும் கடன் பத்திரமாகவோ கிடைக்கும். பணத்தை அரசு நேராகத் தருவதில்லை; இன்குபேட்டர் எனப்படும் தொழில் வளர்ப்பு மையங்கள் தேர்ந்தெடுத்துத் தருகின்றன. விண்ணப்பிக்கும்போது நிறுவனம் பதிவாகி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இதைத் தெரியாமல் முதலிலேயே கம்பெனி பதிவு செய்துவிட்டு, நாளைக் கடத்திவிட்டு வருகிறவர்கள் வாய்ப்பை இழக்கிறார்கள்.

மாநிலத்தில் ஸ்டார்ட்அப் டிஎன் என்ற அமைப்பு ‘டான்சீட்’ என்ற தொடக்க நிதியைத் தருகிறது. பொதுவாக ரூ.10 லட்சம், பெண்கள் தலைமையில் நடப்பவை, கிராமப்புறத்துக்குப் பயன் தருபவை, பசுமைத் தொழில்நுட்பம் சார்ந்தவை என்றால் ரூ.15 லட்சம். அண்மைப் பதிப்புகளில் இதற்கு ஈடாக நிறுவனத்தில் 3 விழுக்காடு பங்கை அந்த அமைப்பு எடுத்துக்கொள்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் ஸ்டார்ட்அப்களில் முதலீடு செய்ய 2022-23இல் ரூ.30 கோடியும் அடுத்த ஆண்டு ரூ.50 கோடியும் ஒதுக்கப்பட்டன. தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டத்தில் கண்டுபிடிப்பின் ஆய்வுக் கட்டத்துக்கு ரூ.2 லட்சமும், அதை வணிகமாக்கும் கட்டத்துக்கு ரூ.5 லட்சமும் வரை கிடைக்கும். கல்லூரி மாணவர்களுக்கு முதலில் எட்டுவது இதுதான்.

திருவேங்கடத்துப் பிள்ளைக்கு இவை எட்டுகின்றனவா என்பதுதான் கேள்வி. இந்த நிதிக்கு ஒரு வளர்ப்பு மையத்தோடு தொடர்பு வேண்டும். அவை பெரும்பாலும் சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன. ஸ்டார்ட்அப் டிஎன் திருநெல்வேலியிலும் மதுரையிலும் வட்டார மையம் திறந்ததும், கோவில்பட்டி நேஷனல் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் வளர்ப்பு மையம் அமைந்ததும் இந்தத் தூரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கின்றன. கிராமத்திலிருந்து உலகத்துக்கு மென்பொருள் விற்க முடியும் என்பதை இதே மாவட்டத்தின் மத்தளம்பாறை காட்டியிருக்கிறது. சோஹோ நிறுவனம் 2011இல் அங்கே அலுவலகம் திறந்தது. ஆனால் வெளி முதலீடு வாங்காமல் சொந்த லாபத்திலேயே வளர்ந்த நிறுவனம் அது. முதல் லாபம் வரும்வரை தாக்குப்பிடிக்கக் குடும்பத்தில் வழியில்லாத இளைஞருக்கு அந்தப் பாதை திறந்திருப்பதில்லை. அவருக்காகத்தான் இந்த விதை நிதி. கரிசல் காட்டுப் பிரச்சினைகளுக்கு, பருத்தி எடுக்கும் கைக்கருவி, கிணற்று நீர்மட்டத்தைக் கைபேசிக்குச் சொல்லும் கருவி, தீப்பெட்டி ஆலையில் விபத்தைத் தடுக்கும் சாதனம் என்று, இங்கேயே பிறந்தவர்கள் யோசித்தால்தான் சரியான விடை வரும்.

பணம் வந்து தொழில் ஓடத் தொடங்கிய பிறகு வரும் சிக்கல் வேறு: சரக்கை வாங்கியவர் பணம் தராமல் இழுத்தடிப்பது. உத்யம் பதிவு இங்கேதான் உதவுகிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. மதுரை உள்ளிட்ட இடங்களில் இதற்கான தீர்வு மன்றங்கள் இயங்குகின்றன. உரிய நாளில் தராத தொகையை, தந்து முடிக்கும்வரை செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது என்ற விதி வந்தபின், பெரிய வியாபாரிகளும் தேதியைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

மூன்று ஆண்டு கடந்து மானியமும் கடனில் கழிந்துவிட்டால், பி.எம்.இ.ஜி.பி. பயனாளிக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. முதல் கடனை ஒழுங்காகக் கட்டி, தொழில் லாபத்தில் நடப்பதைக் கணக்கில் காட்டினால், உற்பத்தித் தொழிலைப் பெரிதாக்க ரூ.1 கோடி வரையான திட்டத்துக்கு இரண்டாம் முறை கடனும் 15 விழுக்காடு மானியமும் கேட்கலாம். கேட்பவர் கையில் மூன்று ஆண்டுக் கணக்கும் வரி தாக்கல் செய்த ரசீதும் இருக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே பில் போட்டு விற்றவரால்தான் அவற்றைக் காட்ட முடியும். 2025-26 வரைக்கும் ரூ.13,554 கோடிக்கு மேல் ஒதுக்கி நீட்டிக்கப்பட்ட திட்டம் இது. உச்ச வரம்பும் விகிதமும் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் மாதத்தில் நடப்பிலுள்ள விதியைத் தென்காசி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொண்டு படிவத்தை நிரப்ப வேண்டும்.